தராசின் முன் நம் சிறுவர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



உடற்பயிற்சியைப் பற்றிச் சில சொற்கள் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அது பெருங்கடல். அதில் ஒரு துளியை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். மல்யுத்தத்தில் எடைப் பிரிவு என்று ஒன்று உண்டு. அது நம் மைசூர் மைன்ஸ் காலனிப் பிள்ளைகளைப் போன்ற சிற்றுடலினரை என்ன பாடு படுத்துகின்றது என்பதே இன்று நாம் பேச எடுத்த பொருள். இதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதனை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சிறுவர் இருவரைப் பள்ளி மாணவர் குஸ்திப் போட்டி ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். பதினேழு வயதிற்கு உட்பட்டோர் போட்டி அது. அங்கே மிகச் சிறிய பிரிவு 41 கிலோ முதல் 45 கிலோ வரை. நம்மவருள் இளையவன் 39 கிலோ, மூத்தவன் நாற்பத்தாறரை. இளையவனை 41-க்கு ஏற்றவேண்டும், மூத்தவனை 45-க்கு இறக்கவேண்டும் என்று திட்டமிட்டோம். மூத்தவன் முதல் நாள் நண்பகலுக்குப் பின் ஒரு வாய் நீரும் அருந்தவில்லை. இரண்டு கம்பளிச் சட்டைகளை அணிந்துகொண்டு வெயிலில் ஓடினான். இளையவனோ விடியற்காலையில் வாழைப்பழமும் நீருமாக விழுங்கிக்கொண்டிருந்தான். ஒரே அறையில் ஒருவன் தாகத்தால் வாடினான். மற்றவன் குடிக்கமாட்டாமல் குடித்தான். தராசில் இளையவன் 40 கிலோ 700 கிராம் காட்டினான். வெளியே வந்து சுவரோரமாக வாந்தி எடுத்தான். மூத்தவன் தராசில் தேறினான். ஆனால் முதற் சுற்றிலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தோற்றான். யார்மீது குறை சொல்வது? நீரைக் கொடுத்ததும் நாம், மறுத்ததும் நாம். அன்று வீடு திரும்புகையில் அவ்விரு பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன விடை சொல்வது என்று நமக்குத் தெரியவில்லை.

மல்லுக்கு எடை பார்ப்பது நம் முன்னோர் அறியாத ஒன்று. ஆமூர் மல்லனைச் சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி வென்ற செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கின்றார். பல்லவன் நரசிம்மவர்மன் மாமல்லன் என்றே பெயர் பெற்றான். அவர்களை எவரும் நிறுத்துப் பார்த்ததாகச் செய்தி இல்லை. 1896-இல் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கிலும் எடைப் பிரிவு கிடையாது. அங்கே கார்ல் ஷூமான் என்னும் ஜெர்மானியர், குள்ளமான உடலினர், உடற்கலை வீரர், பளு தூக்குவதில் வெற்றி கண்ட எலியட் என்பாரைச் சாய்த்து, பின் பட்டத்தையும் வென்றார். இதைக் கேட்டதும், ‘சிறியவன் திறத்தால் வெல்வான், பிரிவு எதற்கு?’ என்று சிலர் கேட்பர். ஒரு ஷூமான் வென்றார், உண்மை. அவரைப் போல் வெல்ல இயலாதார் எத்தனை பேர் என்பதை எந்த ஏடும் எழுதிவைப்பதில்லை. ஒத்த எடையில் ஒத்தவனோடு மோதினால்தான் திறம் திறமாகத் தெரியும். எடைப் பிரிவு என்பது சிறியவனுக்காகத் திறந்த வாயில்.

அவ்வாயில் வழியே புகுந்தவர்தாம் காஷாபா ஜாதவ். சதாரா மாவட்டத்துக் கோலேஷ்வர் என்னும் சிற்றூரில் 1926-இல் பிறந்தவர். 1948-இல் லண்டனில் 52 கிலோ பிரிவில் ஆறாம் இடம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கி சென்றபோது 57 கிலோ பிரிவிற்கு ஏறி வெண்கலம் கொணர்ந்தார். விடுதலை பெற்ற இந்தியாவிற்குத் தனியொருவர் ஈட்டித் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அவரை அனுப்புவதற்காகக் கோலாப்பூர்க் கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார். நான்கு ஆண்டுகளில் முறையாக உண்டு, முறையாகப் பயின்று ஏறிய ஏற்றம் அது; ஒரு விடியற்காலையில் தண்ணீர் குடித்து ஏறியதன்று.

இனி வாயில் எவ்வாறு குறுகியது என்பதைப் பார்ப்போம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 48 கிலோ பிரிவு இருந்தது. 1996 வரை அது நிலைத்தது. அதன்பின் அதனை நீக்கினர். 2000-இல் சிட்னியில் ஆடவர்க்குரிய மிகச் சிறிய பிரிவு 54 கிலோ. 2004-இல் அது 55 ஆயிற்று. 2016-இல் 57 ஆயிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கீழ்ப்படி ஒன்பது கிலோ உயர்ந்துவிட்டது! இதற்கு ஒரு காரணம் பெண்களுக்கு இடம் தந்தமை. 2004-இல் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் நான்கு பிரிவுகளோடு புகுந்தது. 2016-இல் அது ஆறு பிரிவாயிற்று. அவ்வாண்டில்தான் சாக்ஷி மாலிக் 58 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். அதனை நாம் குறை சொல்லமாட்டோம். நம் பெண்மக்களும் கோதாவில் இறங்கட்டும். ஆயினும், மொத்த இடம் வரையறைப்பட்டது என்றால், வெட்டும்போது கத்தி ஏன் அடிப்பக்கத்தையும் தேடி வருகின்றது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மாணவர்க்கு இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. பன்னாட்டு விதிப்படி பதினேழு வயதுப் பையன் 45 கிலோவிலும் 48 கிலோவிலும் போட்டியிடலாம். பதினெட்டு ஆனதும் இருபது வயதிற்கு உட்பட்டோர் பிரிவுக்குப் போகின்றான். அங்கே ஃப்ரீஸ்டைல் முறையில் மிகச் சிறியது 57! பள்ளி முடியும் ஆண்டில், ஒரு பிறந்த நாளுக்கு மறு பிறந்த நாளுக்குள், ஒன்பது கிலோ வளர்ந்தாகவேண்டும். எந்த வீட்டு உலை இதற்கு ஈடு கொடுக்கும்?

பெரிய வீரருக்கும் இது எளிதன்று. யோகேஷ்வர் தத் 2012-இல் லண்டனில் 60 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். 2014-இல் அப்பிரிவு மறைந்தது. அவர் 65-க்கு ஏறினார். அவ்வாண்டு ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்றார். எனினும் ரியோவில் முதற் சுற்றிலேயே தோற்றார்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் மல்யுத்தம் பெரிய விளையாட்டு. அங்கே ஒரு காலத்தில் 98 பவுண்டு, அதாவது நாற்பத்து நாலரைக் கிலோ, கீழ்ப்பிரிவாக இருந்தது. பின்னர் அது 103 ஆகி, 2011-இல் 106 பவுண்டாயிற்று. கீழ்ப்பிரிவுக்குப் பல பள்ளிகளில் ஆள் கிடைப்பதில்லை என்பர். பிரிவு இல்லாவிடில் ஆள் எங்ஙனம் வருவான்? ஆனால் அந்நாட்டார் ஒன்றைக் கண்ணீர் விட்டுக் கற்றனர். 1997-இன் இறுதியில் கல்லூரி மல்லர் மூவர், எடை குறைக்கும் முயற்சியில், சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அதன்பின் கல்லூரிகளில் கீழ்ப்பிரிவை 118-லிருந்து 125 பவுண்டாக உயர்த்தினர். உயிரைக் காக்கச் செய்த மாற்றமே சிறியவனை மேலும் வெளியே தள்ளிற்று என்பது இதிலுள்ள சிக்கல். ஆதலால் உயர்த்துவோர் எல்லாரும் கொடியர் என்று நாம் கூறவில்லை. பள்ளிகளில் அவர்கள் வகுத்த வேறொரு முறை நம் கருத்தில் சிறந்தது. பருவத் தொடக்கத்தில் மாணவன் உடலில் நீர் குன்றாதிருக்கின்றதா என்று சோதித்து, எடையும் கொழுப்பும் அளந்து, இதற்குக் கீழே இறங்கக்கூடாது என்று எல்லை குறிக்கின்றனர். வாரத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கிற்குமேல் குறைத்தலும் ஆகாது. நம் மூத்தவனுக்கு அது எழுநூறு கிராம். நாம் ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ பிழிந்தோம்.

2024 ஆகஸ்டில் பாரிசில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வினேஷ் போகட் 50 கிலோ பிரிவில் இறுதிச் சுற்றை எட்டினார். மறுநாட் காலை நூறு கிராம் மிகுந்திருந்தது, விலக்கப்பட்டார். ஓரிரு நாளில் அமன் சேராவத் ஏறத்தாழ நாலரைக் கிலோவை இரவோடிரவாகக் குறைத்து 57 கிலோவில் வெண்கலம் வென்றார். ஒருவரைக் கண்டு அழுதோம். மற்றவரைக் கண்டு கை தட்டினோம். அவ்விரு இரவுகளுக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

அன்பர்களே, நம் பாட்டன்மார் வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்தபோது எவரும் எடை பார்த்துக் கூண்டில் இறக்கவில்லை. தங்கம் ஓடிய பாறை நரம்பு அகலமானதன்று. அவ்விடுக்கில் சிற்றுடலே உழைத்தது. 2001-இல் சுரங்கம் மூடியபின் பல வீடுகளில் தந்தை விடியலில் பெங்களூர் ரயில் ஏறி இரவில் திரும்புகின்றார். அந்த வீட்டுப் பிள்ளை 39 கிலோ இருப்பது அவன் குற்றமன்று.

சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். நல்ல தராசு ஒன்றைப் பயிற்சிக் கூடத்திற்கு வாங்கித் தாருங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும், உண்டு உறங்கி எழுந்த உடலோடு, தாயோ தந்தையோ உடனிருக்க நிறுத்து ஏட்டில் எழுதுவோம். அந்த எடைக்குரிய பிரிவிலேயே அவன் இறங்குவான். கீழே இறக்கச் சொல்லி நாமே கேட்டாலும் பெற்றோர் மறுக்கவேண்டும்.

மற்றொன்று: மைசூர்த் தசராக் குஸ்திக்கு முன் ஜோடி கட்டுதல் என்னும் வழக்கம் உண்டு. மல்லர்களை நேரில் நிறுத்தி, ஒத்த ஆளுக்கு ஒத்த ஆளை இணை சேர்ப்பர். வருகின்ற பொங்கலன்று நம் மைதானத்தில் அம்முறையில் ஒரு போட்டி நடத்துவோம். முப்பது கிலோப் பையனுக்கு இன்னொரு முப்பது கிலோப் பையனை மாரிகுப்பத்திலோ ராபர்ட்சன்பேட்டையிலோ தேடிப் பிடிப்பது நம் பொறுப்பு. பெயர்களை இன்று மாலையே வாயிலருகில் உள்ள மேசையில் எழுதிக்கொள்கின்றோம். அன்று வாந்தி எடுத்த அந்த இளையவன்தான் ஏட்டோடு அங்கே அமர்ந்திருக்கின்றான். இப்பொழுது அவன் 51 கிலோ.