தறிச் சத்தமும் கழிவுப் பஞ்சும்



ஜூபிலி மேடையில் சத்தத்தைப் பற்றியா பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம்மில் பலர் தறியில் பிழைக்கிறோம். பலர் தறிக்கூடத்துக்கு அடுத்த வீட்டில் குடியிருக்கிறோம்.

1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலை கண்டார். அன்று முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை எத்தனையோ வீடுகளுக்குப் பஞ்சுதான் சோறு போடுகிறது. சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியை அறியாதவர் யார்? ஆனால் விசைத்தறிக் கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 8 மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதி வைத்த எல்லையே அந்த 90 தான். உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. மெல்ல மெல்ல நடப்பதால், வீட்டார் முணுமுணுக்கிறார்கள் என்று நாம் அவர்கள் மேல் எரிந்து விழும்வரை விஷயம் தெரிவதில்லை.

தறியின் சத்தம் நேரே காதுக்கு வருவது ஒன்று. சிமெண்டுச் சுவரிலும் தகரக் கூரையிலும் மோதித் திரும்பி வருவது மற்றொன்று. ஆளில்லாத கோவிலில் பேசினால் ஒரு சொல்லின் மேல் அடுத்த சொல் ஏறிக்கொள்கிறதல்லவா? திருநாளன்று கூட்டம் நிறைந்ததும் அது அடங்கிவிடும். நம் உடம்பும் உடுப்பும் ஒலியைக் குடித்துவிடுகின்றன. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து விரிவுரை மண்டபம் ஒன்றில் ஒலி ஐந்தரை வினாடி நின்று முழங்கியது. அதைச் சரிசெய்ய 1895-ல் வாலஸ் சபைன் என்ற ஆசிரியர் அமர்த்தப்பட்டார். அவர் நாடகசாலை இருக்கைகளின் மெத்தைகளை இரவோடிரவாகக் கொண்டுவந்து அடுக்கினார். மெத்தை கூடக் கூட முழக்கம் குறைவதைக் கடிகாரம் வைத்து அளந்தார்.

மெத்தை செய்த வேலையை நம் ஆலைக் கழிவுப் பஞ்சும் செய்யும். இழைகளுக்கிடையே காற்று உரசி, ஒலி சிறு வெப்பமாக மாறிப்போகும். இரண்டு அங்குலக் கனத்தில் மரச்சட்டத்தில் பரப்பி, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி மாட்டினால் பலன் கூடும். மேலே நம் பேண்டேஜ் துணியையே போர்த்தலாம். ரெக்சின் போர்த்தினால் கீச்சொலிகள் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். முட்டை அட்டையை ஒட்டுவது வீண் வேலை.

அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. கூடத்தில் ஒலியைக் குடிக்கும் பரப்பை இரட்டித்தால் திரும்பி வரும் சத்தம் 3 டெசிபல்தான் குறையும். தறியருகே நிற்பவருக்கு அதுவும் கிடைக்காது. அவருக்குக் காதடைப்பான்தான் கதி. அடுத்த வீட்டுக்காரருக்கோ பஞ்சைவிடக் கனத்த சுவரும், இடுக்கில்லாத கதவும் முக்கியம். 2000-ஆம் ஆண்டு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு எல்லை 45 டெசிபல்.

இன்னொன்று, பஞ்சு நெருப்புக்கு எளிது. போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்தி, ஒரு பிடியை வெளியே எடுத்துப்போய்க் கொளுத்திப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். ஒழுகும் கூரையடியில் நனைந்தால் அந்த மருந்து கரைந்து போகும். மறுபடி ஊறவைக்க வேண்டியதுதான். சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் மட்டும் எப்படி ஊறவைத்த பஞ்சையும் மாட்ட வேண்டாம்.