தனியார் பள்ளி: வரவும் செலவும்
(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கல்வியாளன் அல்ல. பி.காம். படித்துவிட்டு, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பு உண்டு. மாமல்லபுரம் பக்கம் ஒரு கிளையில் நகைக்கடன் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். மே கடைசி வாரமும் ஜூன் முதல் வாரமும் வந்தால் வரிசை வாசல் வரை நிற்கும். கல் பட்டறையில் சிலை செதுக்குபவர், மீன் விற்கும் அம்மா, ஆட்டோ ஓட்டுபவர் எல்லாரும் வருவார்கள். விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும்: ‘பிள்ளை ஃபீஸ்’.

ஆகவே, "தனியார் பள்ளியால் என்ன பயன்?" என்று செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டுப் பேசுவதுதான் எனக்குத் தெரிந்த வழி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் வரவு. நல்ல தனியார் பள்ளியில் நான் கண்ட பயன்கள் நான்கு. ஒன்று, ஆங்கிலத்தில் வாய் திறந்து பேசும் பழக்கம். இரண்டு, எல்.கே.ஜி.யில் தொடங்கி ஒரே வளாகத்தில் படிக்கும் வசதி. மூன்று, கேள்வி கேட்கும் உரிமை. கட்டணம் கட்டும் பெற்றோர் டைரியைப் பார்க்கிறார், கூட்டத்துக்குப் போகிறார், ஆசிரியர் வரவில்லை என்றால் உடனே கேட்கிறார். நான்கு, நேரம். வேலைக்குப் போகும் தாய் தந்தையருக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் பள்ளி வேன் பெரிய உதவி.

பாடத்திலும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் மேலா? இதற்கு ஆந்திராவில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது. கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்தது, 2015இல் வெளிவந்தது. கிராமப் பிள்ளைகள் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, கட்டணம் கொடுத்துத் தனியார் பள்ளியில் படிக்க வைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்துச் சோதித்தால், தெலுங்கிலும் கணிதத்திலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இந்தியில் மட்டும் இவர்கள் நன்றாக முன்னே இருந்தார்கள். ஆனால் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவு, அரசு செய்த செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த செலவில் அதே கணக்கையும், கூடவே இன்னொரு மொழியையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இது தனியார் பள்ளிக்குப் பெருமைதான். ஆனால் "அங்கே போட்டால் கணக்கு தானாக வரும்" என்று நம்புவதற்கு இதில் இடமில்லை.

இனி செலவுப் பத்தி. ஓர் உதாரணம் போடுவோம். எல்.கே.ஜி.யில் ஆண்டுக்கு 60,000 ரூபாய், ஒவ்வோர் ஆண்டும் 8 சதவீத உயர்வு என்று வையுங்கள். பிளஸ் டூ வரை 14 ஆண்டு. கடைசி ஆண்டில் கட்டணம் 1.63 லட்சம். மொத்தம் சுமார் 14.5 லட்சம். வேன், சீருடை, டியூஷன் இதில் சேரவில்லை. இரண்டு பிள்ளை என்றால் இரண்டால் பெருக்குங்கள். எல்.கே.ஜி. கட்டணத்தை மட்டும் பார்த்துப் பள்ளியை முடிவு செய்யாதீர்கள். 14 ஆண்டையும் கூட்டிப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவும் உண்டு. 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2021இல் பொறியியலுக்கும் வந்தது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

எனக்கு மூத்தது பெண், இளையது பையன். இருவரையும் ஆங்கில வழிப் பள்ளியில்தான் சேர்த்தேன். 2001இல் வீட்டுக் கடன் தவணை தொடங்கியது. இரண்டு கட்டணம் கட்ட முடியவில்லை. மகள் 6ஆம் வகுப்பு போகும் நேரம். அவளை அரசுப் பெண்கள் பள்ளிக்கு மாற்றினேன். பையன் அங்கேயே படித்தான். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மகள் நன்றாகவே படித்தாள். கணக்கு டீச்சரைப் பற்றி இன்றும் பேசுவாள். பி.காம். முடித்து, இப்போது மறைமலை நகர் பக்கம் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் பேத்தியை எங்கே சேர்ப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். "பொண்ணுதானே, பக்கத்துல இருக்கிற பள்ளியே போதும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அப்பா, நான் படிச்ச ஸ்கூல் மோசம்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனா முதல் வேலையில மீட்டிங்ல வாய் திறக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அது கூடப் பரவாயில்ல. அன்னைக்கு ஏன் என்னை மாத்துனீங்க, தம்பியை மாத்தலன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னதே இல்ல."

முப்பது வருடம் வங்கியில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால்கூட இரவு உட்கார்ந்து சரி செய்தவன் நான். இந்த வித்தியாசம் என் கண்ணில் படவே இல்லை. அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களுக்குச் சொல்வது இதுதான்: எந்தப் பள்ளியாக இருந்தாலும் சரி, மகனுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு வேண்டாம்.

பள்ளி தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்குச் சில யோசனைகள்.

கட்டடத்தையும் வண்டியையும் நேரில் பாருங்கள். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்தது ஒரு தனியார் பள்ளியில்தான். 2012இல் நம் பக்கத்து முடிச்சூரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளிப் பேருந்துக்கென்று தனி விதிகள் வந்தன. தீயணைப்புச் சான்றும் வண்டியின் தகுதிச் சான்றும் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் கேட்டால் ரசீது கேளுங்கள். நன்கொடை வாங்குவதும், சேர்க்கைக்குக் குழந்தைக்குத் தேர்வு வைப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி தவறு. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்கள் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தை வரிக் கழிவுக்குக் காட்டலாம். நன்கொடை அதில் சேராது.

கடன் வாங்கித்தான் கட்ட முடியும் என்றால், ஒரு படி கீழே உள்ள பள்ளியைப் பாருங்கள். அல்லது நல்ல அரசுப் பள்ளியைப் பாருங்கள். ஜூனில் வைத்த நகை அடுத்த ஜூனில் திரும்பவில்லை என்றால், மூன்றாம் வருடம் பிள்ளை பள்ளி மாற வேண்டியிருக்கும். கவுண்டரில் இதைப் பலமுறை பார்த்தேன்.

கடைசியாக ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி, சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, பின்தங்கிய பிரிவினரின் குழந்தைகளுக்கு உண்டு. நலிந்த பிரிவு என்றால் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. நம் குடியிருப்பில் காவல் காப்பவருக்கும், நம் வீடுகளில் வேலை செய்யும் அம்மாக்களுக்கும் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பிறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிட ஆதாரம் தயாராக இருக்க வேண்டும். பலருக்குத் தேதி முடிந்த பிறகுதான் விஷயமே தெரிகிறது.

அதனால் வருகிற ஞாயிறு முதல் காலை 10 மணிக்குச் சங்க அறையில் என் லேப்டாப்போடு உட்காருகிறேன். சான்றிதழ் எடுப்பது முதல் விண்ணப்பம் போடுவது வரை கூடவே இருப்பேன். இளைஞர்கள் இரண்டு பேர் வந்தால் நன்றாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவரிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, பெண் பிள்ளைக்கும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள்.