தோல் என்னும் சுவர்

(திருவான்மியூரில் நடைபெற்ற நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "பத்து நிமிஷம் பேசுப்பா. கான்கிரீட்டைப் பத்தி மட்டும் பேசிடாதே, வீட்ல இருக்கறவங்கள்லாம் வர்றாங்க" என்றார். அதனால் தோலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிவில் என்ஜினீயருக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

இந்தத் திருவான்மியூரில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கடல் காற்று உப்பைக் கொண்டுவந்து சுவரில் அப்பும். பூச்சு நன்றாக இருந்தால் சுவர் தாங்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், ஈரம் இறங்கி, உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்துவிடும். ஒரே தெரு, ஒரே காற்று. ஒரு வீட்டுச் சுவர் உரிகிறது, பக்கத்து வீட்டுச் சுவர் அப்படியே இருக்கிறது. தோலும் அப்படித்தான். ஒரே சோப்பு, ஒருவருக்கு ஒன்றும் ஆகாது, இன்னொருவருக்கு எரியும், அரிக்கும். அதைத்தான் 'சென்சிடிவ் ஸ்கின்' என்கிறோம்.

என் மகள் 2019-ல் பிறந்தாள். ஆறாவது மாதத்தில் கன்னம் சிவந்து, முழங்கை மடிப்பில் பொரிப்பொரியாக வந்து, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே அழுவாள். என் அம்மா பார்த்துவிட்டு, "இது கரப்பான். எங்க வம்சத்துல யாருக்கும் இப்படிக் கெடையாது" என்றார். யாருடைய வம்சம் என்று கை காட்டியாகிவிட்டது. என் மனைவிக்குப் பத்தியம் ஆரம்பமானது. கத்தரிக்காய் கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. அவள் மெலிந்ததுதான் மிச்சம். "சரிங்க அத்தை" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் சும்மா இருக்கவில்லை, மருந்தீஸ்வரர் கோயிலுக்கு நடையாய் நடந்தார். நான்? ஆபீஸ் வேலையைச் சாக்கு வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். அந்த டாக்டர் அம்மா குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு, "சார், உங்க கையைக் காட்டுங்க" என்றார். என் உள்ளங்கை முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ரேகைகள். ஜோசியம் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். "உங்க அப்பாவுக்குக் கணுக்காலுக்கு மேல மீன் செதில் மாதிரி இருக்குமா?" என்று கேட்டார். தூக்கிவாரிப் போட்டது. மார்கழி பிறந்தால் அப்பாவின் கால்கள் வெடித்துச் செதில் செதிலாகும். நாற்பது வருஷமாக அதற்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டவர் என் அம்மாதான்! அதை யாருமே வியாதியாக நினைத்ததில்லை.

டாக்டர் அம்மா சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் நம் பாஷையில் சொல்கிறேன். தோலின் மேலடுக்கு ஒரு செங்கல் சுவர். செத்துத் தட்டையான செல்கள்தான் செங்கல். நடுவில் உள்ள கொழுப்புதான் கலவை. அந்தச் செங்கலை இறுக்கித் தட்டையாக்குவது ஃபிலாக்ரின் என்ற புரதம். வேலை முடிந்ததும் அது சிதைந்து, தண்ணீரைப் பிடித்துவைக்கும் சிறு பொருள்களாக மாறிவிடுகிறது. ஆக, செங்கல்லுக்கு உறுதியும் அதுதான், சுவருக்கு 'க்யூரிங்'கும் அதுதான்.

இதைச் செய்யும் மரபணு நம் முதலாவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் உள்ள பழுதுதான் மீன் செதில் தோலுக்குக் காரணம் என்பதையும், அதே பழுது குழந்தைகளுக்கு வரும் எக்சிமாவுக்கும் வழிவிடுகிறது என்பதையும் 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஒரு பிரதி பழுது. ஆசியாவில் பழுது வேறு வேறு இடங்களில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலே வறட்சி தெரியும். இரண்டும் பழுதானால் கடுமையாகும். சொந்தத்தில் பெண் எடுக்கும்போது ஒரே பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது.

ஆனால் விதி என்று சொல்லிவிட முடியாது. சென்சிடிவ் ஸ்கின்னுக்கென்று ஒற்றை மரபணு கிடையாது. ஃபிலாக்ரின் பழுது உள்ள எல்லோருக்கும் எக்சிமா வருவதில்லை. எக்சிமா உள்ள எல்லோருக்கும் அந்தப் பழுது இருப்பதில்லை. டென்மார்க்கில் இரட்டையரை வைத்து ஆராய்ந்தார்கள். அச்சாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு எக்சிமா இருந்தால், சுமார் பத்துக்கு ஏழு பேரில் மற்றவருக்கும் இருந்தது. மீதி மூன்று பேருக்கு ஏன் இல்லை? அங்கேதான் தண்ணீர், சோப்பு, காற்று எல்லாம் வருகிறது. தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. சாதாரண சோப்பு காரம். உப்புத் தண்ணீர் என்று நாம் சொல்லும் கடின நீரில் சோப்பு தோலிலேயே தங்கிவிடுகிறது. ஃபிலாக்ரின் பழுது உள்ளவர்களை இது அதிகமாக எரிச்சல்படுத்துகிறது என்று 2018-ல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது. போர் தண்ணீரில் குளிக்கும் சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டும். எங்கள் வீட்டில் செய்ததெல்லாம் காரமில்லாத சோப்பு, குளித்த மூன்று நிமிஷத்துக்குள் ஈரம் காயும் முன் களிம்பு, சிவந்தால் டாக்டர் சொன்ன மருந்து. மகள் இப்போது தூங்குகிறாள். மனைவி மீன் சாப்பிடுகிறாள்.

இனி, கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். 2011-ல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு சைட்டில் நான் புதுசு. ஒரு கொத்தனார் இரண்டு கையும் வெடித்து, நீர் வடிய வந்து நின்றார். "உங்க உடம்பு வாகு அப்படிண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். ஈரச் சிமென்ட்டின் காரம் பி.எச். 12-க்கு மேல். எந்த வம்சத்துத் தோலும் அதைத் தாங்காது. போதாததற்கு அதில் நீரில் கரையும் குரோமியம் துளி இருக்கிறது. அதற்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் போகாது. டென்மார்க் 1980-களின் தொடக்கத்திலேயே சிமென்ட்டில் இரும்பு சல்ஃபேட் கலக்க ஆரம்பித்துவிட்டது. 2005 முதல் ஐரோப்பா முழுக்கப் பத்து லட்சத்தில் 2 பங்குதான் உச்சவரம்பு. நம்ம மூட்டையில் எவ்வளவு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

வீட்டில் மருமகளைப் பார்த்து "உங்க வம்சம்" என்பதும், சைட்டில் தொழிலாளியைப் பார்த்து "உன் உடம்பு வாகு" என்பதும் ஒரே பேச்சுதான். பழியைத் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுகிற பேச்சு. மரபணு யாரும் கேட்டு வாங்கியது அல்ல, அதனால் அது யாருடைய குற்றமும் அல்ல. பூச்சு பலவீனம் என்று தெரிந்தால் சுவரைத் திட்டுவோமா, காப்போமா?

ஆகவே இரண்டே வேண்டுகோள். குழந்தைக்குத் தோல் வறண்டால், தாயைப் பட்டினி போடும் முன் உங்கள் உள்ளங்கையைப் பாருங்கள், டாக்டரிடம் போங்கள். உங்கள் சைட்டில் கலவை தொடுகிற ஒவ்வொருவருக்கும் ரப்பர் கையுறையும், கை கழுவ நல்ல தண்ணீரும் கொடுங்கள். என் அம்மா இப்போதெல்லாம் பேத்திக்குக் களிம்பு தடவும்போது, "உன் தாத்தா கால்தான்டி உனக்கு" என்கிறார். அந்த அளவுக்கு வந்துவிட்டோம்.