விஞ்ஞானக் கதையும் வீட்டுக் கணக்கும்

விஞ்ஞானக் கதை படிப்பது வீண்பொழுது என்று கருதும் பெரியோர் பலர். நானோ, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அக்கதைகளை விடாது படித்து வருபவன். படிக்கும்போது கையில் பென்சிலும் காகிதமும் இருக்கும். காரணம் கூறுகிறேன்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் ஒரு கதை எழுதினார். அதில் 900 அடி நீளமுள்ள பீரங்கியால், மூவர் அமர்ந்த குண்டு ஒன்று சந்திரனை நோக்கிச் சுடப்படுகிறது. அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். பூமியின் ஈர்ப்பை மீறிச் செல்லத் தேவையான வேகமும் ஏறத்தாழ அதுவே. எத்துணை நுட்பம்!

ஆனால், அவ்வேகத்தை 900 அடிக்குள் எய்துவதெனில், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 20,000 மடங்குக்கும் மிகுதியாகும். நீங்கள் பள்ளியில் பயிலும் இயக்கச் சமன்பாட்டைக் கொண்டே இதனைக் கணக்கிடலாம். பயணிகள் பீரங்கிக்குள்ளேயே நசுங்கிப் போவர்.

அங்ஙனமாயின் கதை பயனற்றதோ? அன்று. வெர்னின் கதைகளால் தூண்டப்பெற்ற ருஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி, விண்வெளிப் பயணத்திற்கு ராக்கெட்டே ஏற்றது என 1903-இல் கணித வாயிலாக விளக்கினார். ராக்கெட், வேகத்தைப் படிப்படியாகப் பெருக்குவதால் உள்ளிருப்போர் உயிர் பிழைப்பர். 1969-இல் மனிதன் சந்திரனில் கால் வைத்தது ராக்கெட்டின் துணையாலேயே.

ஆதலின், விஞ்ஞானக் கதையை அப்படியே நம்பவும் வேண்டா. பொய்யென்று ஒதுக்கவும் வேண்டா. அது கூறுவதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இன்றே அப்பீரங்கிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.