நடுகற்களும் நம் கடமையும்
(ஆண்டுப் பொதுக்கூட்ட உரையின் சுருக்கம்)

 

பண்டு தகடூர் என வழங்கிய நம் தருமபுரியில் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் உள்ளது. இவ்வட்டாரத்து நடுகற்கள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன. ஆநிரை மீட்கும் பூசலில் உயிர்நீத்த வீரனின் உருவைச் செதுக்கி, அவன் பெயரையும் மன்னனின் ஆட்சியாண்டையும் வட்டெழுத்தில் பொறித்து நட்ட கற்கள் இவை. ஹிஜ்ரத் நிகழ்ந்த கி.பி. 622ஐ ஒட்டி ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகற்களும் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் கிடைத்துள்ளன.

"மக்கள் வழிபடும் கல்லில் நமக்கென்ன வேலை?" எனச் சிலர் வினவலாம். வணங்குவது வேறு, படித்தறிந்து காப்பது வேறு. பூமியில் பயணம் செய்து முன்சென்றோரின் முடிவைக் கண்டறியுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. நாட்டின் பன்முகப் பண்பாட்டு மரபைப் பேணுவது குடிமக்களின் கடமையென, 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவும் கூறுகிறது.

மே 18 உலக அருங்காட்சியக நாள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அந்நாட்களில் நம் இளைஞர்கள் அலுவலரின் அனுமதி பெற்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் தொண்டில் ஈடுபடலாம். நம் நிலத்தில் எழுத்துள்ள கல் தென்பட்டால் அதைத் துவைகல்லாக்கவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். இடம்பெயர்த்தால் அதன் வரலாற்றில் பாதி போய்விடும்; கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிப்போம்.

அவ்வாறே நம் கபரஸ்தானின் பழைய மீஸான் கற்களையும், வீடுகளில் கரையான் அரிக்கும் அரபுத்தமிழ் ஏடுகளையும் பட்டியலிட்டுக் காப்போம். வல்ல அல்லாஹ் துணைபுரிவானாக! ஆமீன்.