ஜீப்புக்கு எத்தனை உயரம் வேண்டும்?

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள ஒரு தெருவில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். இரும்போடு பழகிப் பிழைப்பவர்கள் நிறைந்த வட்டாரம் இது. 1949-ஆம் ஆண்டில் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை தோன்றியது. 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. அதே பத்தாண்டில் பாடியில் சக்கரமும் பிரேக்கும் செய்யும் ஆலைகள் வந்தன. 1965-இல் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆகையால் எங்கள் பக்கத்தில் வண்டியைப் பற்றி யோசனை கேட்பவனுக்குப் பஞ்சமே இராது. ஒருவரைக் கேட்டால் ஐந்து பேர் சொல்லுவார்கள். ஐந்து பேரும் வெவ்வேறாகச் சொல்லுவார்கள். நானும் தொழிற்பேட்டையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறாவது ஆளாகப் பேசும் உரிமை எனக்கும் உண்டென்று எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு தை மாதத்தில் என் தங்கை மகன் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். அவனைவிட வயதில் மூத்த வண்டி. “மாமா, இதை நான்கு அங்குலம் உயர்த்த வேண்டும். கையில் அதிகப் பணம் இல்லை. எந்த வழி மலிவு, சொல்லுங்கள்” என்றான்.

“எதற்கப்பா உயர்த்த வேண்டும்?” என்று கேட்டேன்.

“உயரம் இருந்தால்தானே மாமா கரடுமுரடான பாதையில் அடி தட்டாமல் போகலாம்? மழை வெள்ளத்திலும் மாட்டிக்கொள்ளாமல் வரலாமே” என்றான்.

அவன் சொன்னதைக் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் எங்கள் பகுதித் தெருக்களில் வெள்ளம் நின்றதைப் பார்த்தவர்கள் எவரும் வண்டிக்குச் சற்று உயரம் இருந்தால் நல்லது என்றுதான் நினைப்பார்கள். அன்று அவனுக்குச் சொன்ன மறுமொழியையே இன்று நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் ஜீப்புகள் 1947-இல் மகீந்திரா நிறுவனத்தாரால் பாகங்களாக வரவழைக்கப்பட்டுப் பூட்டப்பெற்றன. பின்னர் இங்கேயே செய்யப்பட்டன. ஜபல்பூரில் 1969 முதல் 1999 வரை படைகளுக்காகச் செய்யப்பட்ட ஜோங்காவும், 1985-இல் வந்த மாருதி ஜிப்சியும் அதே குலத்தைச் சேர்ந்தவை என்றே சொல்லலாம். இந்த வண்டிகளுக்கெல்லாம் ஓர் ஒற்றுமை உண்டு. நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வில்களே சுமையைத் தாங்குகின்றன. இக்காலத்து வண்டிகளில் உள்ள சுருள்வில் இவற்றில் இல்லை. பட்டைவில்லை ஒரு பட்டறைக்காரர் கழற்றலாம், வளைக்கலாம், பட்டை கூட்டலாம், குறைக்கலாம். இந்த எளிமைதான் அந்த வண்டிகளின் பெருமை. அவற்றை மலிவாகக் கெடுத்துவிடுவதற்கும் அதுவேதான் வழி.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வில்லை உயர்த்தினால் உயர்வது எது? வண்டியின் உடலும், எஞ்சினும், அவற்றைத் தாங்கும் சேஸிஸ் சட்டமும்தான். அச்சு உயர்வதில்லை. ஜீப்பின் அச்சில், பற்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் என்னும் உருண்டைப் பகுதி தாழத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாதையில் நிற்கும் கல்லில் முதலில் மோதுவது பெரும்பாலும் அதுவே. நான்கு அங்குலம் உயர்த்தினாலும், பத்து அங்குலம் உயர்த்தினாலும், அந்த உருண்டைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு நூலளவும் கூடாது. அது கூட வேண்டுமானால் டயர் பெரிதாக வேண்டும். அதிலும் டயரின் குறுக்களவு இரண்டு அங்குலம் கூடினால் அச்சு ஓர் அங்குலந்தான் உயரும். ஆகவே, உயர்த்துவதால் கிடைப்பவை வேறு: வயிற்றுப் பகுதி மேட்டில் தட்டாமல் இருப்பது, ஏற்றத்தின் அடியில் மூக்கு இடிக்காமல் இருப்பது, பெரிய டயருக்கு இடம் கிடைப்பது. இவை உனக்கு வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள் என்றேன்.

அடுத்தபடியாக மலிவான வழிகளைப் பார்ப்போம். எல்லாவற்றிலும் மலிவானது ஷேக்கிளை நீட்டுவது. வில்லின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்து ஊசலாடும் சிறு இரும்புக் கொக்கிதான் ஷேக்கிள். அது இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரும். இரண்டாவது வழி, வில்லில் ஒரு பட்டையைக் கூட்டுவது. ஏழு பட்டைகள் உள்ள கட்டில் அதே தடிமனும் நீளமும் உள்ள எட்டாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும். தடித்த பட்டையானால் இன்னும் மிகும். ஏனென்றால் ஒரு பட்டையின் தடிமன் இரண்டு மடங்கானால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிறது. மூன்றாவது, சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்குவது. நான்காவது, அச்சின் கீழே கட்டப்பட்டிருக்கும் வில்லை அச்சின் மேலே மாற்றிக் கட்டுவது. இதனால் அச்சுக் குழாயின் பருமனும் வில்லின் பருமனும் சேர்ந்த அளவுக்கு, அதாவது ஐந்து அங்குலத்தை ஒட்டி, வண்டி உயர்ந்துவிடும். கேட்பதற்கு மலிவுதான். ஆனால் ஸ்டியரிங் தண்டுகள், பிரேக் குழாய்கள், ஷாக் அப்சார்பர்கள், எஞ்சின் ஆற்றலை அச்சுக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டு ஆகிய எல்லாவற்றையும் அதன் பிறகு மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை விட்டாலும் ஆபத்து.

இதில் ஷேக்கிளை நீட்டும் வழியைப் பற்றி நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு ஜீப் வைத்திருந்தேன். சிக்கனமாக உயர்த்த வேண்டும் என்ற ஆசையில் ஒரு பட்டறையில் முன்பக்கத்து ஷேக்கிள்களை நீளமாகச் செய்து மாட்டினேன். வண்டி கம்பீரமாக நின்றது, தெருவே பார்த்தது. சைக்கிளின் முன்கவை செங்குத்தாக இல்லாமல் சற்றுப் பின்சாய்ந்து இருப்பதை நீங்கள் அறிவீர்கள். கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அந்தச் சாய்வும் உதவுகிறது. ஜீப்பின் முன்சக்கரங்கள் திரும்பும் ஊசிகளுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. நீண்ட ஷேக்கிள் முன் அச்சைச் சிறிது சுழற்றி, அந்தச் சாய்வைக் குறைத்துவிட்டது. எனக்கு அது தெரியாது. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் சாலையில், பருத்திப்பட்டுக்கு அருகே ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறிற்று. உடனே ஸ்டியரிங் என் கையில் வெறி பிடித்தாற்போல் இருபுறமும் ஆடத் தொடங்கியது. பிரேக்கை அழுத்தினேன், வண்டி இடப்பக்கம் இழுத்தது. அங்கே சைக்கிளில் வந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் வண்டி வருவதைக் கண்டு, பக்கத்துப் பள்ளத்தில் விழுந்தார். தெய்வாதீனமாக மணிக்கட்டு எலும்பு முறிவோடு போயிற்று. மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, “வண்டி புதிதா ஐயா?” என்று மட்டும் கேட்டார். பழையதுதான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே சரிவாகச் சீவிய ஓர் எஃகு ஆப்பை வைத்துச் சாய்வைச் சரிசெய்திருக்கலாம் என்று பின்னர் அறிந்தேன். அதன் விலை மிகவும் அற்பம்.

உயரம் கூடினால் கவிழும் அச்சமும் கூடும் என்பதற்குக் கணக்கு உண்டு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடைப்பட்ட அகலத்தில் பாதியை, எடைமையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 48 அங்குலம், எடைமையம் தரையிலிருந்து 24 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம், ஈவு 1. அதாவது பக்கச் சரிவு 45 பாகை ஆகும்போதுதான் வண்டி கவிழும் நிலையை அடையும். உடலை உயர்த்தியதால் எடைமையம் 27 அங்குலத்துக்கு ஏறினால் ஈவு 0.89, சரிவு ஏறக்குறைய 42 பாகை. வில்லும் டயரும் நசுங்குவதால் உண்மையில் இரண்டு அளவுகளும் இன்னும் குறையும். மூன்று பாகைதானே என்று தோன்றலாம். வேகமாகத் திரும்பும் வளைவில் அந்த மூன்று பாகையின் அருமை தெரியும்.

ஆவடியில் பிறந்த டாங்கிகளை நினைத்துப் பாருங்கள். விஜயந்தாவுக்கு முறுக்குத் தண்டுகள். பின்னால் வந்த அர்ஜுனுக்கு வாயுவும் எண்ணெயும் கலந்து தாங்கும் அமைப்பு. டாங்கி உயரமாக நிற்பதை எந்தப் படைவீரனும் விரும்ப மாட்டான். பகைவன் கண்ணில் எளிதாகப் பட்டுவிடும். அந்த அமைப்புகளைச் செய்த பொறியாளர்கள் தேடியது உயரத்தை அல்ல; ஒவ்வொரு சக்கரமும் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கி, தரையை விடாமல் பற்றியிருக்க வேண்டும் என்பதையே தேடினார்கள். ஜீப்புக்கும் அதுவே தேவை. விறைத்த வில்லின்மேல் உயரமாக நிற்கும் ஜீப், ஒரு சக்கரத்தை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். மென்மையான வில் உள்ள தாழ்ந்த ஜீப் அதே மேட்டை மெதுவாகத் தாண்டிப் போய்விடும்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் தேய்ந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது மாற்றம் அல்ல, பழுதுபார்ப்பது.

இந்தக் கடைசி வார்த்தையில்தான் நான் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. மருமகனைக் கூட்டிக்கொண்டு, சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்தோம். வலப்புறத்தைவிட இடப்புறம் பின்னால் ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. வில்களில் வளைவே இல்லை. பலகையைப் போல் நீண்டு கிடந்தன. ஒரு தலைப்பட்டையில் மயிரிழை போன்ற வெடிப்பு. ரப்பர் புஷ்கள் தூளாகியிருந்தன. பல ஆண்டுகளின் சுமை அந்த வண்டியின் உயரத்தைச் சிறிது சிறிதாகத் தின்றிருந்தது. “நீ புதிதாக உயரம் தேடுவதற்கு முன்னால், வண்டி இழந்த உயரத்தைத் திரும்பக் கொடு” என்றேன்.

வில்களைக் கழற்றி ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோனோம். இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டையைக் குளிர்ந்த நிலையில் சுத்தியால் அடித்து வளைத்துக் கொடுத்தால், சில மாதங்களில் அது பழையபடி நீண்டுவிடக்கூடும். பட்டையை ஏறக்குறைய 900 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி வளைத்து, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மறுபடியும் 400 முதல் 550 பாகைக்குள் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். கடினமாக்கியபின் பதப்படுத்தாவிட்டால் ஒடியும். கடினமாக்கவே இல்லையென்றால் துவளும். எங்கே உலை இருக்கிறது, எங்கே எண்ணெய்த் தொட்டி இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு வேலையைக் கொடுக்க வேண்டும். வெடித்த பட்டையை எவ்வளவு காய்ச்சினாலும் பயனில்லை. அதைப் புதிதாக மாற்றினோம். யூ போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டாமல் புதியன வாங்கினோம். புஷ்களையும், கசிந்துகொண்டிருந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினோம். எல்லாம் முடிந்து வண்டி தரையில் நின்றபோது பின்பக்கம் இரண்டு அங்குலமும், முன்பக்கம் ஒன்றரை அங்குலமும் உயர்ந்திருந்தது. செலவு, அவன் வாங்க நினைத்திருந்த பெரிய டயர்களின் விலையைக்கூட எட்டவில்லை.

அவனுக்குச் சிறிது ஏமாற்றந்தான். நான்கு அங்குலம் எதிர்பார்த்தவன் அல்லவா? வெள்ளத்துக்கு இது போதுமா என்று கேட்டான். வெள்ளத்துக்கு எந்த உயரமும் போதாது என்றேன். காற்று உறிஞ்சும் குழாயில் நீர் புகுந்தால் எஞ்சினுக்குள் அழுத்த முடியாத நீர் நின்று, கனெக்டிங் ராடை வளைத்துவிடும். ஓடும் நீர் இரண்டு அடி இருந்தாலே பெரும்பாலான கார்களையும் ஜீப்புகளையும் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு நம் வில்லின் அளவு தெரியாது.

கார்த்திகை மழையில் ஒரு நாள் தன் தாயை ஏற்றிக்கொண்டு பூண்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் புறப்பட்டான். கொசஸ்தலை ஆற்றின் தரைப்பாலம் ஒன்றின்மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தின் ஓரக் கற்கள் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள், “ஜீப்புதானே, போகலாம்” என்றார்களாம். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். இரவு எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் குரலில் சிறிது வெட்கம் இருந்தது. “வண்டி எப்படி ஓடிற்று?” என்று கேட்டேன். “கையை விட்டாலும் நேராகப் போகிறது மாமா” என்றான்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களே, கையில் உள்ள பணம் சிறிதானால் அதை முதலில் பிரேக்குக்கும், பிறகு ஸ்டியரிங்குக்கும், பிறகு வில்லுக்கும் செலவிடுங்கள். அதன் பிறகும் பணமும் ஆசையும் எஞ்சியிருந்தால் உயரத்தைப் பற்றிப் பேசலாம். அதற்குள் பெரும்பாலும் ஆசை குறைந்திருக்கும். வண்டியும் போதுமான அளவுக்கு உயர்ந்திருக்கும்.