குறுக்கே போன பூனை

 

மாமல்லபுரத்தில், ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்து ‘அர்ச்சுனன் தபசு’ப் பாறையில் ஒரு பூனை முன்னங்கால்களை உயர்த்தித் தவம் செய்வதுபோல் நிற்கிறது, அருகே எலிகள். போலித் துறவைச் சாடும் சிற்பம் என்பர். அதைக் கண்டு சிரித்தவர்களே, திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்புகையில் ஒரு கறுப்புப் பூனை குறுக்கே ஓடினால், வண்டியை நிறுத்திவிடுகின்றனர்!

சிந்தியுங்கள்! ஐரோப்பாவில் 1233-ஆம் ஆண்டு போப் ஒன்பதாம் கிரிகோரி விடுத்த மடலில், கறுப்புப் பூனை சாத்தானிய வழிபாட்டோடு சேர்த்துப் பேசப்பட்டது. பிரிட்டனின் பல பகுதிகளிலும் ஜப்பானிலுமோ அதுவே நற்பேறு தருவதாகக் கருதப்படுகிறது. மெலனின் என்னும் நிறமி தந்த கறுப்பில் தீமை இருக்குமானால், அது நாட்டுக்கு நாடு மாறுமா?

அறியாமைக் கால அரபிகள் பறவையை விரட்டி, அது வலப்புறம் பறந்தால் பயணம் புறப்பட்டனர். இடப்புறம் பறந்தால் திரும்பினர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சகுனம் என்பதே இல்லை என அறிவித்தார்கள். அது இணைவைப்பைச் சார்ந்தது என்றும் எச்சரித்தார்கள். மனத்தில் தோன்றும் அச்சத்தை, இறைவன் மீது வைக்கும் ‘தவக்குல்’ எனும் முழு நம்பிக்கை போக்கிவிடும்.

பூனையைப் பற்றி மார்க்கம் கூறுவது வேறு. நபித்தோழர் அபூகதாதா (ரலி) அவர்கள், தாம் உளூச் செய்யவிருந்த நீர்ப் பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சாய்த்துக் கொடுத்தார்கள். அது அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வரும் பிராணி என்ற நபிமொழியையும் எடுத்துரைத்தார்கள். பூனையைப் பட்டினி போட்டு அடைத்துக் கொன்ற பெண் நரக வேதனைக்கு ஆளானதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது.

பெருமக்களே! சகுனம் பூனையோடு நிற்பதில்லை. பூனைக்கு அஞ்சிய மனம், நாளை கணவனை இழந்த சகோதரி எதிரே வந்தாலும் முகம் சுளிக்கும். மகளின் நிக்காஹ் நாளில் பெற்ற தாயையே பின்னால் நிறுத்தும். பூனைக்கு அதில் இழப்பில்லை. அந்தத் தாயின் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது? நபியவர்கள் முதலில் மணந்த அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கணவரை இழந்தவரே அல்லவா?

ஆகவே, பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு, பிஸ்மில்லாஹ் கூறிப் பயணத்தைத் தொடருங்கள். இல்ல விசேஷங்களில் கைம்பெண்களை முன்வரிசையில் அமர்த்தி, அவர்களின் துஆவைப் பெறுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் ஈமானைப் பாதுகாப்பானாக! ஆமீன்.